சந்தன மொட்டையும் நாற்பது டிகிரியும்

பக்கிரிசாமி அண்ணனுக்கு இதுவரை இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் அடித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது கடிதம் போனால் வேலை போய்விடும். அந்த மூன்றாவதற்கான புகாரை எழுதியது என் சொந்த அண்ணி. புகாரில் வரும் குழந்தை என் மகள். இதைச் சொல்வதற்கு முன்னால் பக்கிரிசாமி அண்ணன் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாரோ முரட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள். முரட்டு ஆள்தான். ஆனால் அது வேறு விஷயம்.

நான் சந்திரகலா. பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு மாடி கொண்டோ ஒன்றின் மேனேஜ்மென்ட் ஆபீசில் ஏழு வருஷமாகக் கிளார்க். ஆறாவது மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது. அதன் ஓரத்தில் நுரை பொங்கும் சுடுநீர்த் தொட்டி ஒன்று, ஊரெல்லாம் ஜக்கூசி என்று சொல்வார்களே, அது. எட்டுப் பேர் உட்காரலாம் என்று கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பதினைந்து பேர் இருப்பார்கள், நடுவில் ஒரு சிப்ஸ் பாக்கெட் மிதக்கும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வதுதான் பக்கிரிசாமி அண்ணனுடைய வேலை. வயது ஐம்பத்தேழு. சாலாக் செலாத்தானிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார்.

அதற்கு முன் டெங்கில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்துமூன்று வருஷம் பாய்லர் பார்த்தவர். ஆலையை மூடினார்கள். இரண்டு வருஷம் ஒரு கிடங்கில் ஜாகா என்கிற காவல் வேலை, அப்புறம் லோரியில் சாமான் ஏற்றும் வேலை, கடைசியில் இங்கே. பாய்லர் வேலையில் வலது உள்ளங்கை இரண்டு முறை வெந்து, தோல் தடித்துப்போய், அதில் சூடு குளிர் எதுவும் தெரியாது. அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. “கை பொய் சொல்லும் தங்கச்சி, மீட்டர் சொல்லாது” என்பார். ஜக்கூசி இயந்திரத்தின் திரையில் முப்பத்தெட்டு என்று காட்டும்போது தண்ணீர் உண்மையில் நாற்பதில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். சொந்தமாக ஒரு மிதக்கும் தெர்மாமீட்டர் வாங்கி, கயிறு கட்டிப் போட்டுப் பார்த்தார். ஆபீசில் சொன்னார். கொன்ட்ராக்டர் வருவார் என்றோம். கொன்ட்ராக்டர் வரவில்லை. அவர் சின்னதாக ஒரு வெள்ளைப் பலகை வாங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டி, மூன்று வேளையும் உண்மையான சூட்டை அதில் எழுத ஆரம்பித்தார். குளிக்க வருகிறவர்களுக்கு அது என்ன நம்பர் என்றே தெரியாது. ஒருவர் என்னிடம் வந்து, இன்றைக்கு இந்த நம்பரில் லாட்டரி எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன் புது ஹீட்டர் வந்தது, திரை மட்டும் அதே பழையதுதான். பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்துக்கொண்டு மதியம் என் மேசைக்கு வந்தார்.

“இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சுச் சொல்லேன், தங்கச்சி.”

சாப்பிட்டுக்கொண்டே படித்துச் சொன்னேன். கைக்குழந்தைகளை இறக்கவே கூடாது என்று போட்டிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் வேண்டாம் என்று போட்டிருந்தது. அவர்கள் உடம்பு சின்னது, தோல் மெல்லியது, பெரியவர்கள் மாதிரி வியர்த்துச் சூட்டை வெளியேற்றவும் தெரியாது. தண்ணீரின் சூடு உடம்பைவிட அதிகமாக இருக்கும்போது சூடு உள்ளேதான் போகும், வெளியே வர வழி கிடையாது. பெரியவர்களுக்குச் சுகமாக இருக்கும் அதே தண்ணீரில் குழந்தையின் உடம்புச் சூடு சில நிமிடங்களில் ஏறிவிடும்.

“ஏறினா பிள்ளை சத்தம் போடுமா?”

“போடாதாம்ணே. சில பிள்ளைங்க மந்தமாயி, தூங்கப் பாக்குமாம்.”

கையேட்டை வாங்கி, தனக்குப் புரியாத அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பாய்லரும் அப்படித்தான். சத்தம் போட்டுக்கிட்டு இருக்குற வரைக்கும் பயமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எங்கள் கொண்டோவில் பாதி வீடுகள் ஹோம்ஸ்டே, நாள் வாடகைக்கு விடுவது. பக்கத்தில் கோவில்கள். குழந்தைக்கு மொட்டை போட்டு, காது குத்தி, தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு பத்துப் பதினைந்து பேராக வந்து இறங்குவார்கள். சாப்பாடு முடிந்ததும் குளம். குளம் குளிராக இருக்கிறது என்று குழந்தையை எடுத்துக்கொண்டு ஜக்கூசி. நம்மவர்கள் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து சுடுதண்ணீர்தானே ஊற்றுகிறோம், அதனால் பயமே கிடையாது. பக்கிரிசாமி அண்ணன் காலையிலேயே லோபியில் நின்று மொட்டைகளைப் பார்ப்பார். ஒன்று கண்ணில் பட்டால் ஆபீசுக்கு இன்டர்கோமில் கூப்பிடுவார்.

“சந்தனம் ஒண்ணு மேல வருது.”

“சரிண்ணே” என்று சொல்லிவிட்டு நான் அடித்துக்கொண்டிருந்ததை அடிப்பேன். அவர் மேலே போய் ஹீட்டரை நிறுத்தி, குழாயைப் போட்டுப் பச்சைத் தண்ணீரை விட்டு, அவர்கள் வருவதற்குள் தொட்டியை முப்பத்தைந்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார். அப்படியும் குழந்தையோடு வருகிறவர்களை இறங்கவிட மாட்டார்.

தடுக்கிற விதம்தான் தகராறு. கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா எட்டு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்திருந்தார். இவர் போய், “பிள்ளையைப் போட்டு ரசமா வைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டார். அதற்கு முதல் புகார், முதல் கடிதம். ஒரு வீட்டுக்காரர், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன், ஜக்கூசி ஏன் பச்சைத் தண்ணீராக இருக்கிறது என்று எழுதினார். அதற்கு இரண்டாவது கடிதம். அதில், “இனி ஹீட்டரின் அமைப்பை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது” என்று ஒரு வரி. கமிட்டி சொன்னது, நான் அடித்தேன். நன்றாகவே அடித்தேன், எழுத்துப்பிழைகூட இல்லை.

அங்கே ஏற்கெனவே ஒரு பலகை உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வர வேண்டும் என்று ஆங்கிலத்திலும் மலாயிலும். அதை எழுதியவர் யாரென்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். கூடப் பெரியவர் இருந்தால் எல்லாம் சரி என்றுதானே படிப்பவர்களுக்குத் தோன்றும்? எங்கள் ஆட்களிடம் பெரியவர்களுக்கா பஞ்சம்.

என் மகள் விஷ்ணுப்ரியாவுக்குப் போன மாதம் பதினோராம் மாதம். பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் மொட்டை, காதுகுத்து. என் கணவர் பிரவினின் அக்கா மலர்விழி காப்பாரில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிரவினை வளர்த்ததே அவர்தான், ப்ரியா என்றால் உயிரை விடுவார். அவரே என் கொண்டோவில் பதினேழாவது மாடி ஹோம்ஸ்டே ஒன்றை இரண்டு நாளைக்கு எடுத்திருந்தார். ஞாயிறு காலை மொட்டை போட்டு முடித்து எல்லாரும் லோபிக்குள் நுழைந்தோம். பக்கிரிசாமி அண்ணன் அங்கே நின்றிருந்தார். ப்ரியாவின் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டு லிப்ட் பட்டனை அழுத்தினேன். அன்றைக்கு ஆபீசில் இன்டர்கோமை எடுக்க நான் இல்லை. ஹீட்டரைத் தொடவும் அவருக்கு அனுமதி இல்லை.

மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, மூன்று மணிக்குக் குளத்துக்குப் போனோம். குளத்துத் தண்ணீர் பட்டதும் ப்ரியா சிணுங்கினாள். அண்ணி அவளை வாங்கிக்கொண்டு ஜக்கூசியில் இறங்கினார். நான் ஓரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டிருந்தேன். சுகமாக இருந்தது. ப்ரியா அண்ணியின் மடியில், தண்ணீர் நெஞ்சு வரைக்கும். நுரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் போட்டோ எடுத்தேன்.

பக்கிரிசாமி அண்ணன் இலை அள்ளும் நீளக் கம்பு வலையோடு வந்தார். வெள்ளைப் பலகையில் நாற்பது என்று எழுதியிருந்தது.

“தங்கச்சி, நாப்பது இருக்கு. பிள்ளை வேணாம்.”

எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கையேட்டை அவருக்குப் படித்துச் சொன்னவளே நான்தான். ஆனால் பிரவின் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் வேலை செய்கிறேன் என்று பெருமையாகக் கூட்டி வந்திருக்கிறேன், குளம் துடைக்கிறவர் எனக்கு உத்தரவு போடுகிறார். வெட்கமாக இருந்தது. உண்மையான காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

“அஞ்சு நிமிஷம்தாண்ணே. தலையில சந்தனம் பூசியிருக்குல்ல, சூடு ஏறாது. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவர் வலையை எடுத்துக்கொண்டு குளத்தின் மறுபக்கம் போனார். அண்ணி, “யாருலா இவரு?” என்று கேட்டார். “பூல் பாக்குறவரு அண்ணி, கொஞ்சம் ஒரு மாதிரி” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ப்ரியா நுரையைத் தட்டுவதை நிறுத்தினாள். அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்தாள். “பாரு, சொகுசு கண்டுட்டா. காலையில சீக்கிரம் எழுந்தால்ல” என்றார் அண்ணி. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பக்கிரிசாமி அண்ணன் திரும்பி வந்தார். இந்த முறை என்னிடம் பேசவில்லை.

“அக்கா, பிள்ளை முகத்தைப் பாருங்க. வெளிய எடுங்க.”

“தூங்குற பிள்ளைய எழுப்பாதீங்க பாஸ். நாங்க பாத்துக்கறோம்.”

“அது தூக்கம் இல்லக்கா. குடுங்க.”

அண்ணி குழந்தையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கம்பைக் கீழே வைத்தார். ரப்பர் பூட்சோடு தொட்டிக்குள் இறங்கி, ப்ரியாவின் இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கினார். அண்ணி விடவில்லை. அவர் இழுத்தார். அண்ணியின் கையில் நகம் கீறியது. குளத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கையில் என் மகள் துணி மாதிரி தொங்கினாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

நிழலில் இருந்த நீள நாற்காலியில் அவளைக் கிடத்தினார். நீச்சல் உடுப்பையும் நாப்பியையும் கழற்றச் சொன்னார். துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து முதலில் தலையைத் துடைத்தார். காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்த சந்தனம் கரைந்து மஞ்சளாக வழிந்தது. அடியில் மொட்டைத் தலை செக்கச் செவேலென்று இருந்தது. யாரோ ஓர் உறவுக்காரப் பையன் குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். “ஐஸ் வேணாம். மெதுவா ஆறட்டும்” என்று தடுத்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த அந்த வெள்ளைப் பலகையைக் கழற்றி அவளுக்கு விசிறினார். பிரவினைப் பார்த்து, “நீங்க போய் கார எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார்.

என்னிடம், “பேரச் சொல்லிக் கூப்பிடு” என்றார்.

கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. பலகை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அதில் நாற்பது, நாற்பது, நாற்பது. பிறகு அவள் மார்பு குலுங்கி, குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் அழுதாள். அவள் பிறந்தபோது அழுததைக் கேட்டதைவிட எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

“அழட்டும்” என்று சொல்லி, பக்கிரிசாமி அண்ணன் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அவ்வளவு ஆற வைத்த பிறகும் முப்பத்தொன்பது புள்ளி இரண்டு இருந்தது. டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம் என்றார். சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தலையில் எதைப் பூசினாலும் கழுத்துக்குக் கீழே ஏறுகிற சூட்டை அது என்ன செய்யும் என்று கேட்டார். அன்றைக்குத்தான் குத்திய காதோடும், கத்தி பட்ட தலையோடும் பிள்ளையைப் பத்துப் பேர் ஊறும் வெந்நீரில் கொண்டுபோய் வைத்ததற்குத் தனியாகத் திட்டினார். ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். காலையில் சாதாரணமாகிவிட்டாள்.

அண்ணி அன்று சாயங்காலமே காப்பாருக்குத் திரும்பிவிட்டார். போகிற வழியிலேயே போனில் புகாரை எழுதி அனுப்பியிருந்தார். பணியாளர் தன் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினார், கையைக் கீறினார், பொது இடத்தில் அவமானப்படுத்தினார் என்று. கோபத்தில் எழுதியது. குழந்தை தன் மடியில்தான் அப்படி ஆனாள் என்பதைத் தாங்க முடியாமல் எழுதியது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் புகார் புகார்தான். திங்கட்கிழமை என் கம்ப்யூட்டரில் அது வந்து நின்றது. வியாழக்கிழமை கமிட்டிக் கூட்டம்.

பிரவினிடம் சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அவருதான் பிள்ளையக் காப்பாத்துனாரு, இல்லன்னு சொல்லல. ஆனா நீ கூட்டத்துல எழுந்து பேசினா அக்காவப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடும்லா. உனக்கும்தான் கெட்ட பேரு. வேற யாராச்சும் பாத்தவங்க சொல்லட்டும்.”

“பாத்தவங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. யாரு வந்து சொல்லுவாங்க?”

 புதன் மதியம் பக்கிரிசாமி அண்ணன் ஆபீசுக்கு வந்தார். கூட்டத்துக்கு வரச் சொல்லி நானே அனுப்பிய கடிதம் கையில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பிள்ளை சாப்பிடுதா?” என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். “தண்ணி நிறையக் குடு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதாவது திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வியாழக்கிழமை கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். சேர்மன் ஓய்வுபெற்ற சீனத் தலைமையாசிரியர், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். பக்கிரிசாமி அண்ணன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகாரைப் படிப்பது என் வேலை. படித்தேன். சேர்மன் அவரிடம், இது உண்மையா என்று மலாயில் கேட்டார். “கேட்டேன், குடுக்கல, தூக்கினேன்” என்று அவரும் மலாயில் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். சேர்மன் என் பக்கம் திரும்பி, மூன்றாவது கடிதத்தைத் தயார் செய்யுங்கள் என்றார்.

“நான் அடிக்க மாட்டேன் சார்” என்றேன்.

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் குழந்தை என் மகள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்தேன். கையேட்டையும் வைத்தேன், அந்தப் பக்கத்தை மடித்து. அவர் முதல் தடவை வந்து சொன்னபோது மறுத்தது அண்ணி இல்லை, நான்தான் என்றேன். ஹீட்டரைத் தொடாதே என்ற கடிதத்தை அடித்ததும் நான்தான், அதனால்தான் அன்றைக்குத் தண்ணீர் நாற்பதில் இருந்தது என்றேன்.  பேசி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். பக்கிரிசாமி அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு இதெல்லாம் ஒத்து வராது.

சேர்மன் சீட்டை இரண்டு முறை படித்தார். கையேட்டையும் படித்தார். பிறகு புகாரைத் தள்ளுபடி செய்தார்கள், இரண்டாவது கடிதத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முதல் கடிதம் அப்படியே இருக்கட்டும் என்றார் சேர்மன், ரசம் வைக்கிறீர்களா என்று கேட்டது தப்புதானாம். ஹீட்டர் இனி பக்கிரிசாமி அண்ணன் பொறுப்பு. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஜக்கூசி கிடையாது, பெரியவர் கூட இருந்தாலும் கிடையாது. பழைய பலகையை எடுத்துவிட்டு, தமிழிலும் சேர்த்துப் புதுப் பலகை. தமிழை நான் எழுதிப் பக்கிரிசாமி அண்ணனிடம் காட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார்.

“சந்தனம் இல்லையே.”

“பலகையில அதையெல்லாம் எப்படிண்ணே எழுதுறது?”

“எழுது. அதுக்குத்தானே ஏமாந்த.”

எழுதினேன். தலையில் சந்தனம் பூசியிருந்தாலும் இறக்கக்கூடாது என்று ஒரு பொதுப் பலகையில் எழுதியிருப்பது எங்கள் கொண்டோவில் மட்டும்தான் இருக்கும். கொன்ட்ராக்டர் ஒருவழியாக வந்து திரையைச் சரிசெய்தார். அண்ணி என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, ப்ரியாவை மட்டும் விசாரித்தார். வைக்கும்போது, “அந்த ஆளு வேலை இருக்குல்ல?” என்று கேட்டார். இருக்கு அண்ணி என்றேன்.

நேற்று ஞாயிறு. பதினோரு மணிக்கு இன்டர்கோம் அடித்தது.

“சந்தனம் ஒண்ணு மேல வருது.”

அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஆறாவது மாடிக்குப் போனேன். இருபத்தைந்து வயசு இருக்கும், ஒரு பெண், இடுப்பில் மொட்டைக் குழந்தை. புதுப் பலகைக்கு நேராக நின்றுகொண்டு ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டாள். பக்கிரிசாமி அண்ணன் தள்ளி நின்று என்னைப் பார்த்தார். பிள்ளை வேண்டாம் என்று சொன்னேன்.

“அஞ்சு நிமிஷம்தான்க்கா. சந்தனம் பூசியிருக்குல்ல, ஒண்ணும் ஆகாது” என்றாள்.

“நானும் இதையேதான்மா சொன்னேன்” என்று கையை நீட்டினேன். “பிள்ளைய என்கிட்ட குடு.”